தொட்டுச் செய்யும் பணி: திருச்சபையின் செவிலிய ஊழியமும் சேரியின் உடல்நல உரிமையும்

தீண்டாமை என்பது தொட மறுப்பது. செவிலியம் என்பது தொட்டுச் செய்யும் பணி. காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொடாமல், பிள்ளை பெற்றவளின் உதிரத்தைத் துடைக்காமல், ஆறாத புண்ணைக் கழுவாமல் அப்பணி நடவாது. இவ்விரண்டும் ஒரே ஊரில் எதிரெதிரே நின்ற காலத்தில்தான் தமிழ்நாட்டில் திருச்சபைகளின் மருத்துவ ஊழியம் வேர்விட்டது. அந்த ஊழியம் சேரிக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கத் தவறியது, திருவாலங்காடு முதல் கும்மிடிப்பூண்டி வரை வயலிலும் சூளையிலும் ஆலையிலும் உழைக்கும் தலித் மக்களுக்கு இன்று அதனிடமிருந்து எதைக் கேட்க உரிமை உண்டு என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது பழங்கதை அன்று. இந்தியாவில் ஒரு தலித் பெண், உயர்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார் என்று ஐக்கிய நாடுகள் அவையின் பெண்கள் அமைப்பு 2018ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியது.  2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரியான 20 விழுக்காட்டைவிட இது மிகுதி. அந்தக் கணக்கில் ஞானஸ்நானம் பெற்ற தலித்துகள் சேர்க்கப்படவில்லை. ஏன் சேர்க்கப்படவில்லை என்பதற்குப் பின்னர் வருவோம்.

நிலமும் உடலும்

திருவாலங்காடு என்றதும் ஆடல்வல்லானின் ஐந்து சபைகளுள் ஒன்றான இரத்தின சபையையும் காரைக்கால் அம்மையாரையும் நினைப்பவர் பலர். வரலாற்று மாணவர்கள் 1905இல் அங்குக் கண்டெடுக்கப்பட்ட சோழர் செப்பேடுகளை நினைப்பர். முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊர் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வழங்கப்பட்டதை அச்செப்பேடுகள் பதிவு செய்கின்றன. நிலம் யாருக்குச் சென்றது என்பதற்குச் செம்பில் சாட்சி இருக்கிறது. அந்நிலத்தில் உழுதவர் யார், அவர் எங்கே குடியிருந்தார், நோயுற்றபோது யார் அவரைப் பார்த்தார் என்பதற்கு அங்கே சாட்சி இல்லை. அதே சோழர் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் தீண்டாச்சேரி, பறைச்சேரி என்ற பெயர்கள் மட்டும் இடம்பெறுகின்றன.

அந்தச் சேரியின் உடல்நிலை அரசு ஆவணத்தில் விரிவாகப் பதிவாக ஏறத்தாழ 900 ஆண்டுகள் ஆயின. செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை குறித்து 1891இல் எழுதிய அறிக்கை நிலமின்மையையும் கடனடிமைத்தனத்தையும் குடியிருப்பின் அவலத்தையும் ஒன்றோடொன்று பிணைத்துக் காட்டியது. அதன் தொடர்ச்சியாகவே 1892 செப்டம்பர் 30 அன்று பிறப்பிக்கப்பட்ட அரசாணை வழியே இன்று நாம் பஞ்சமி நிலம் என்று வழங்கும் ஒதுக்கீடு உருவானது. அக்காலத்தில் திருவள்ளூர் வட்டாரத்தில் இக்காட்டை மையமாகக் கொண்டு பணியாற்றிய வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் கௌடியும், செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனரி ஆதாம் ஆண்ட்ரூவும் நிலக் கோரிக்கையை வலியுறுத்தியவர்கள். பசியும் குடிசையும் மாறாமல் மருந்து மட்டும் பயன் தராது என்ற உணர்வு இம்மாவட்டத்தின் மிஷன் பணியில் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு இது சான்று.

இங்கு ஒன்றை மறந்துவிடக் கூடாது. அதே 1891இல் அயோத்திதாசர் தலைமையில் திராவிட மகாஜன சபை நீலகிரியில் கூடித் தம் மக்களின் கோரிக்கைகளை நிறைவேற்றியது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எனவே சேரி ஊமையாக இருந்தது, மிஷனரி வந்து வாய் கொடுத்தார் என்ற கதை பொய். இரு குரல்களும் ஒரே காலத்தில் ஒலித்தன.

மருத்துவம் அறிந்த சேரி

மருத்துவத்திலும் இதுவே உண்மை. அயோத்திதாசர் தேர்ந்த சித்த மருத்துவர். அவருக்கு முன்னும் பின்னும் சேரிகளில் பச்சிலை அறிந்தவர்களும், விஷக்கடிக்கு மருந்து கொடுத்தவர்களும், பேறு பார்த்த மூதாட்டிகளும் இருந்தனர். ஊர்த்தெருவில் பேறு பார்க்கும் வேலையும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களிடமே விடப்பட்டிருந்தது. உதிரமும் தொப்புள்கொடியும் தீட்டு என்று கருதப்பட்டதால், அவற்றைத் தொடும் கை தாழ்ந்த கையாகத்தான் இருக்க முடியும் என்பது சாதியின் தருக்கம். பிள்ளையை உலகுக்குக் கொணர்ந்த மருத்துவச்சி, அந்தப் பிள்ளை வளர்ந்தபின் அதே வீட்டுத் திண்ணையில் அமர முடியாது.

மிஷன் மருத்துவமனைகள் செவிலியப் பயிற்சியைத் தொடங்கியபோது இத்தருக்கம் அவர்களையும் எதிர்கொண்டது. அந்நியரின் உடலைத் தொடுவதும் மலசல பாத்திரங்களைச் சுமப்பதும் இழிவு என்று கருதிய குடும்பங்கள் தம் பெண்களை அனுப்பவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவப் பெண்கள். அவர்களுள் தலித் குடும்பங்களிலிருந்து மிஷன் பள்ளி வழியே படித்து வந்தவர்கள் கணிசமானோர். விடுதலைக்கு முந்தைய இந்தியாவின் பயிற்சி பெற்ற செவிலியரில் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர்களாகவும் மிஷன் மருத்துவமனைகளில் பயின்றவர்களாகவும் இருந்ததற்குப் பின்னணி இதுதான். போர் குழு 1946இல் அறிக்கை அளித்தபோது நாடு முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியரே இருந்தனர். 43,000 பேருக்கு ஒருவர். அந்தப் பற்றாக்குறைக்கு வறுமையோடு தீட்டுக் கொள்கையும் ஒரு காரணம். தொடத் தகாதது என்று ஒரு சமூகம் ஒதுக்கிவைத்த வேலையைச் செய்ய அந்தச் சமூகத்தில் ஆள் கிடைப்பதில்லை.

மிஷன் பயிற்சி இந்தப் பெண்களுக்குச் சீருடையும் சான்றிதழும் மாதச் சம்பளமும் கொடுத்தது. தீட்டு எனப்பட்ட அதே வேலை, கற்றறிந்த தொழிலாக மாறியது. சேரியிலிருந்து சென்ற பெண்ணின் கையை நோயாளியான மேல்சாதிக்காரர் வேண்டிக் கேட்கும் நிலை உண்டானது. இது சிறிய மாற்றம் அன்று. ஆயினும் மருத்துவர், கண்காணிப்பாளர், செவிலியர், ஆயா, துப்புரவாளர் என்ற அடுக்கில் தலித் பெண்கள் கீழ்ப்படிகளிலேயே நிறுத்தப்பட்டதும், மருத்துவமனைகளின் துப்புரவுப் பணி இன்றுவரை பெரிதும் அவர்கள் தலையிலேயே இருப்பதும் மறுக்க முடியாத உண்மைகள்.

மருத்துவமனையிலிருந்து ஊருக்கு

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறு தமிழ் வாசகர் அறிந்ததே. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணி, 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாகவும், 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியாகவும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது. 1946இல் அங்கே செவிலியப் பட்டப்படிப்பும் தொடங்கியது. பலர் மறப்பது, சாலையோர மருத்துவ முகாம்கள். மருத்துவமனைக்கு வர இயலாதவர்களை மரநிழலில் சந்தித்து மருந்து கொடுத்தது அக்குழு. நோயாளி நம்மிடம் வரட்டும் என்பதற்கும் நாம் அவரிடம் போவோம் என்பதற்கும் இடையிலான வேறுபாடு ஊரில் சாதியாகவே வெளிப்படும். வண்டி வைத்துக்கொண்டு வர முடிந்தவர் மருத்துவமனைக்கு வருவார். முடியாதவர் சேரியில் கிடப்பார்.

இந்த எண்ணத்தை முழுமையான திட்டமாக்கியவர்கள் வேலூரில் பயின்ற மருத்துவ இணையர் ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே. 1970இல் மகாராட்டிரத்தின் ஜாம்கேட் என்னும் வறண்ட சிற்றூருக்குச் சென்ற அவர்கள், எழுத்தறிவில்லாத கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தனர். அவர்களில் பலர் தலித் பெண்கள். அவர்கள் பேறு பார்த்தனர். குழந்தையின் எடை பார்த்தனர். தொழுநோயையும் காசநோயையும் தொடக்கத்திலேயே கண்டறிந்தனர். குடிநீருக்காக ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது அதைத் தலித் குடியிருப்பில் அமைத்தனர். தண்ணீர் வேண்டுமெனில் மேல்சாதியினர் அங்கே வர வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. நூறு சொற்பொழிவுகள் செய்யாததை ஒரு கைப்பம்பு செய்தது.

உலகத் திருச்சபைகள் மன்றம் 1968இல் அமைத்த கிறித்தவ மருத்துவ ஆணையம் ஜாம்கேட் போன்ற முயற்சிகளை உலகின் கவனத்துக்குக் கொண்டுசென்றது. உலக சுகாதார நிறுவனம் 1975இல் வெளியிட்ட நூலில் ஜாம்கேட் ஒரு முன்மாதிரியாக இடம்பெற்றது. 1978இல் அல்மா ஆட்டா மாநாட்டில் 'அனைவருக்கும் நல்வாழ்வு' என்னும் முழக்கத்தோடு ஆரம்ப சுகாதாரக் கோட்பாடு அறிவிக்கப்பட்டபோது, அதன் பின்னணியில் இத்தகைய ஊர்களின் அனுபவமும் இருந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் இராமகிருஷ்ணராஜுப்பேட்டை அருகே தீனபந்துபுரத்தில் மருத்துவ இணையர் பிரேம் ஜான், ஹரி ஜான் 1970களில் நடத்திய பணியும் இதே வழியில் சென்றது. கிராமப் பெண்களையே பயிற்றுவித்து, நோயின் வேர் ஏழ்மையிலும் அதிகாரமின்மையிலும் இருப்பதைப் பேசியது அது. திருவாலங்காட்டிலிருந்து வெகுதொலைவில் இல்லாத ஓர் ஊரில் இது நிகழ்ந்தது என்பதை இம்மாவட்டத்துத் திருச்சபைகளே இன்று எத்தனை முறை நினைவுகூர்கின்றன?

திருவள்ளூர் உலகுக்குத் தந்த பாடம்

வீடு தேடிச் செல்லும் செவிலியம் உணர்ச்சியின்பாற்பட்ட தொண்டு மட்டுமன்று. அதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. நெரிசலான குடிசையில் போதிய உணவின்றி வாழ்ந்தவர்களும், மருந்தை ஒழுங்காக உட்கொண்டபோது, சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர் என்று 1959இல் முடிவுகள் வெளியாயின. உடன் வாழ்ந்தவர்களுக்கு நோய் பரவும் அபாயமும் அதனால் கூடவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு வழிவகுத்த ஆய்வு இது. மருந்து வீடு சேர்ந்ததா, விழுங்கப்பட்டதா என்று பார்க்க வீடு வீடாகச் சென்றவர்கள் இல்லாமல் அந்த முடிவு கிடைத்திராது.

பின்னர் 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் 209 கிராமங்களிலும் நகர்ப்பகுதிகள் சிலவற்றிலும் பி.சி.ஜி. தடுப்பூசியின் ஆற்றலை அறியும் பேராய்வு நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. உலக மருத்துவ நூல்களில் 'செங்கல்பட்டு ஆய்வு' என்று குறிக்கப்படுவது இதுவே. 1999இல் நேரடிக் கண்காணிப்பில் மருந்து வழங்கும் முறையும் இம்மாவட்டத்தில் ஆய்வு மையத்தின் மேற்பார்வையில் செயல்படுத்தப்பட்டது. உலகம் கற்றுக்கொள்ளத் தன் உடலைக் கொடுத்த மாவட்டம் இது. அந்த அறிவின் பயன் அம்மக்களின் சேரிகளுக்கு முழுமையாகத் திரும்பி வர வேண்டும் என்று கேட்பது நியாயமான உரிமைக் குரலே.

ஞானஸ்நானம் பறிக்கும் உரிமை

இனி, நோயைவிடக் கொடிய ஒரு முரணுக்கு வருவோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்று கூறியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர். சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த கிறித்தவ ஆதிதிராவிடர் ஒருவர், தம்மையொத்த இந்துத் தொழிலாளருக்கு வழங்கப்பட்ட பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்ததே சூசை வழக்கு. மதம் மாறிய பின்னும் ஒடுக்குமுறை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறி 1985இல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. அது கிடப்பில் போடப்பட்டது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று கிறித்தவ ஆதிதிராவிடருக்குப் பட்டியல் சாதி நிலை வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? சேரியில் பிறந்த இரு பெண்கள் ஒரே அரசு செவிலியர் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். இருவரின் தாய்மாரும் ஒரே வயலில் நாற்று நட்டவர்கள். இந்துவாகப் பதிவு பெற்றவருக்கு 18 விழுக்காடு பட்டியல் சாதி ஒதுக்கீடு உண்டு. கிறித்தவராகப் பதிவு பெற்றவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்; பல தலைமுறைக் கல்வியும் நிலமும் உடைய சாதிகளோடு போட்டியிட வேண்டும். மாநில அரசு சில கல்வி உதவித்தொகைகளைக் கிறித்தவ ஆதிதிராவிடருக்கும் நீட்டித்திருக்கிறது என்பது உண்மையே. ஆனால் பட்டியல் சாதி ஒதுக்கீடும், தனித் தொகுதியில் போட்டியிடும் உரிமையும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. நாளை அவர் செவிலியராகி, பணிக்குச் சென்ற தெருவில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்டால், இழிவுபடுத்தியவர் அவருடைய சாதியை அறிவார்; சட்டம் மட்டும் அறியாது.

இதனால் ஞாயிறன்று ஆலயத்திலும் சான்றிதழில் வேறு மதத்திலும் வாழ வேண்டிய கட்டாயத்துக்குப் பல குடும்பங்கள் தள்ளப்படுகின்றன. அவர்களை ஏமாற்றுக்காரர் என்பது எளிது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தரும் மனச்சான்றின் உரிமையையும் 16ஆம் பிரிவு தரும் வாய்ப்பின் உரிமையையும் ஒருவர் ஒருசேரப் பெற முடியாத நிலையை உருவாக்கியது யார் என்று கேட்பதே நேர்மை. தலித் பெண்களின் உழைப்பில் செவிலிய ஊழியத்தைக் கட்டியெழுப்பிய திருச்சபைகளுக்கு இந்தப் போராட்டத்தில் முன்வரிசையில் நிற்கும் கடமை உண்டு.

சபைக்குள் நோய்

அந்தக் கடமையைப் பேசும் தகுதி வேண்டுமெனில், திருச்சபை தன் உடலையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர், திருவிழாத் தேர் சேரித்தெருவுக்கு வராமை, நிர்வாகக் குழுவில் ஒரே சாதியின் ஆதிக்கம் ஆகியவை தமிழ்க் கிறித்தவத்தின் அறியப்பட்ட நோய்கள். சபை உறுப்பினரில் பெரும்பான்மையோர் தலித்துகளாக இருந்தும், சபைகள் நடத்தும் மருத்துவமனைகளின் முடிவெடுக்கும் இடங்களில் அவர்கள் அந்த அளவுக்கு இல்லை.

மற்றொரு நோயும் உண்டு. வெளிநாட்டு நன்கொடை குறைந்தபின் பல மிஷன் மருத்துவமனைகள் கட்டணத்தை நம்பத் தொடங்கின. கட்டணம் தரக்கூடியவருக்கான சிறப்புச் சிகிச்சைகள் வளர்ந்தன. கிராம வெளிப்பணி சுருங்கியது. சிற்றூர்களில் பழைய மருத்துவமனைக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. செவிலியர் கல்லூரிகளின் கட்டணமோ கூலித் தொழிலாளியின் மகளுக்கு எட்டாததாகிவிட்டது. பயின்று வெளியேறுவோர் வளைகுடாவையும் ஐரோப்பாவையும் நோக்கிச் செல்கின்றனர். பிழைப்பைத் தேடிச் செல்பவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் சேரியின் பெயரால் தொடங்கப்பட்ட நிறுவனம் சேரிக்குக் கதவடைத்தால் அதைக் கேட்க வேண்டியது நாம்தான்.

இன்று செய்யக்கூடியது

அரசு இல்லாத இடத்தைத் திருச்சபை நிரப்பிய காலம் போய்விட்டது. தமிழ்நாட்டில் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் ஒரு கிராம சுகாதார செவிலியரும் என்பது விதிமுறை. 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மருந்து வருகிறது. எனவே திருச்சபை இன்னொரு சிறு மருத்துவமனையைத் திறக்க வேண்டியதில்லை. அரசு தரும் உரிமை சேரியின் கடைசி வீடுவரை சென்று சேர்கிறதா என்று பார்க்கும் கண்ணாக அது மாற வேண்டும்.

1980களில் அமெரிக்க லூத்தரன் போதகர் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் தொடங்கிய சபைச் செவிலியர் இயக்கம் இதற்கு ஒரு வடிவம் தருகிறது. ஒரு சபைக்கோ அருகருகே உள்ள சில சபைகளுக்கோ ஒரு பயிற்சி பெற்ற செவிலியர். அவர் மருந்துக்கடை நடத்துபவர் அல்லர், வழிகாட்டுபவர். நம் சூழலில் அவர் செய்யக்கூடியவை தெளிவானவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புதல். காசநோயாளி மருந்தை இடையில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுதல். அவருக்கு அரசு மாதந்தோறும் வழங்கும் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வங்கிக் கணக்கில் வந்ததா என விசாரித்தல். கருவுற்ற பெண்ணைப் பதிவு செய்வித்துத் தாய்சேய் நல எண்ணைப் பெற்றுத்தருதல். முதல்வரின் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பத்தைக் கண்டறிதல். படுக்கையில் கிடக்கும் முதியவரின் புண்ணைக் கழுவுதல். சபை உறுப்பினருக்கு மட்டும், மதமாற்றத்தை எதிர்பார்த்து என்ற எந்த நிபந்தனையும் இதில் இருக்கக் கூடாது. நோயின் முன் மதம் கேட்பதும் ஒருவகைத் தீண்டாமையே.

திருவாலங்காட்டின் வயல்களிலிருந்து கும்மிடிப்பூண்டியின் சிப்காட் ஆலைகள் வரை விரியும் இப்பகுதிக்கு வேறு தேவைகளும் உண்டு. செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களும், மரம் வெட்டும் களங்களில் இருளர் குடும்பங்களும் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட செய்திகளை இம்மாவட்டம் பலமுறை கண்டிருக்கிறது. சூளைத் தூசியில் வளரும் குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறதா, உருக்காலையில் விரலை இழந்த ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் இ.எஸ்.ஐ. பதிவில் இருக்கிறதா என்ற கேள்விகளும் மருத்துவக் கேள்விகளே. 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் ஆலையில் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதவருக்கு அக்காப்பீடு உரிமை. முதலாளியின் கருணை அன்று. இதைச் சொல்லித்தர ஒரு செவிலியரால் முடியும். ஏனெனில் கட்டுப் போடும்போது மனிதர்கள் பேசுவார்கள்.

இதற்குச் சேரிப் பெண்களே பயிற்றுவிக்கப்பட வேண்டும். அவர்களுக்கு உரிய ஊதியம் தரப்பட வேண்டும். ஊழியம் என்ற பெயரில் இலவச உழைப்பை வாங்குவது பழைய வெட்டிவேலையின் புதிய பெயர். சபைகளின் செவிலியர் கல்லூரிகள் தலித், இருளர் மாணவிகளுக்கெனக் கட்டணமில்லா இடங்களை எழுத்துப்பூர்வமாக ஒதுக்கி, ஆண்டுதோறும் எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதை வெளியிட வேண்டும். மருத்துவமனை நிர்வாகக் குழுக்களில் அவர்களுக்கு இடம் வேண்டும். பூட்டிக் கிடக்கும் மிஷன் கட்டடங்கள் நிலத்தரகர் கைக்குப் போகாமல் முதியோர் பராமரிப்புக்கும் வலி தணிப்புச் சிகிச்சைக்கும் திறக்கப்பட வேண்டும்.

தொட மறுத்த சமூகத்தில் தொட்டுப் பராமரித்தது பெரும் செயல். அதை எவரும் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இரக்கத்தின் கையை நீட்டியவரே அதை மடக்கிக்கொள்ளவும் முடியும். உரிமையை அப்படி எவரும் மடக்கிவிட முடியாது. இரக்கமாகத் தொடங்கியதை உரிமையாக நிலைநாட்டும் வேலை எஞ்சியிருக்கிறது. அது திருச்சபைக்கு மட்டும் உரியதன்று. அரசுக்கும், சேரியின் இயக்கங்களுக்கும் உரியது.